குழாயின் மறுமுனை

எலுவன்குளத்துக்கும் புத்தளம் நகருக்கும் இடையே நாள்தோறும் ஓடும் வேன் ஒன்றில் ஆசிரியர் சிலரும் மாணாக்கர் பலரும் பயணம் செய்கின்றோம். யப்பானில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த பெற்றோல் வேன் அது. சில மாதங்களுக்கு முன் அதன் இழுவை குன்றியது. ஆட்கள் நிறைந்தால் நகர மறுத்தது. கராஜ்காரர் அடியில் படுத்துப் பார்த்தார். புகைக்குழாயின் நடுவே இருக்கும் ‘கன்வேட்டர்’ அடைத்துவிட்டது என்றார். புதிதாக ஒன்றை வாங்க வேண்டுமானால், வேன் உரிமையாளரின் பல மாத வருமானம் வேண்டும். அறுத்தெறிந்துவிட்டு வெற்றுக் குழாயை ஒட்டிவிட்டால் ஒரு மணி நேர வேலை. அறுத்ததைப் பழைய இரும்பு வாங்குவோர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வர். ஒருபுறம் கடன், மறுபுறம் கையில் காசு. எவ்வழியை அவர் தேர்ந்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மறுநாள் முதல் வேன் பாய்ந்து ஓடியது. ஒலி சற்றுக் கனத்தது. பின்புறம் நிற்போருக்கு மூக்கை எரிக்கும் நெடி ஒன்று புதிதாக வந்தது. நாம் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது உரிமையாளர் சிரித்தார். “என்ன சேர், என்ட ஒரு வேன்ட புகையாலதானா ஊர் கெடப் போகுது? அங்கால நுரைச்சோலையப் பாருங்க!” என்றார். வேனில் இருந்தவர்கள் நகைத்தனர். நாமும் நகைத்தோம். நேரத்துக்குப் பாடசாலை போய்ச் சேர அந்த வேனைவிட்டால் நமக்கும் வேறு வழி இல்லை.

அந்த நகைப்பே இக்கட்டுரைக்குக் காரணம். அவருடைய கேள்வி எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. உலகத்தில் ஒருவன் செய்யும் தீங்கு மிகச் சிறிதாக இருந்து, அத்தீங்கு யார்மேல் விழுகின்றது என்று சுட்டிக்காட்ட முடியாமலும் இருந்தால், அதனைத் தீங்கு என்று சொல்லலாமா? தீங்குதான் என்றால், வறுமையால் அதைச் செய்பவனைக் குற்றவாளி என்று சொல்லலாமா? அவனைவிட நூறு மடங்கு தீங்கு செய்யும் பெரியோர் தலைநிமிர்ந்து நடக்கும் நாட்டில், அவனிடம் அறம் பேச நமக்கு என்ன உரிமை?

*

முதலில், அறுத்தெறியப்பட்ட பொருள் யாது என்று பார்ப்போம். பொருளின் தன்மை அறியாமல் அறம் பேசுவது காற்றில் வாள் வீசுவதாகும்.

பெற்றோல் முழுமையாக எரிந்தால் நீராவியும் காபனீரொட்சைட்டுமே எஞ்ச வேண்டும். அதற்கு, நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் இயந்திரத்தின் உருளைக்குள் எரிதல் நொடியின் மிகச் சிறு பகுதியில் தொடங்கி முடிந்துவிடுகின்றது. முற்றும் எரியாத காபன் காபனோரொட்சைட்டாக வெளியேறுகின்றது. எரியவே எரியாத எரிபொருள் ஐதரோக்காபனாகத் தப்புகின்றது. உள்ளே எழும் பெருவெப்பத்தில், இயல்பாக ஒன்றோடொன்று சேராத நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகளாகின்றன. இம்மூன்றையும் வாயுக் குழாயின் வழியிலேயே மறித்து நிறுத்தும் காவலனே இந்த ஊக்கி மாற்றி. தேனடைபோல் நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி ஒன்று. அதன் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் சில கிராம் அளவில் பூசப்பட்டிருக்கும். நன்கு சூடேறிய நிலையில், நச்சு வாயுக்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அது தீங்கற்றனவாக, அல்லது குறைந்த தீங்குடையனவாக மாற்றிவிடுகின்றது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒட்சிசன் உணரிகள், காவலன் விழித்திருக்கின்றானா என்று இயந்திரத்தின் கணினிக்கு இடைவிடாது செய்தி சொல்கின்றன. காவலன் ஓய்ந்தால் ஓட்டுநரின் முன்னே மஞ்சள் விளக்கு எரியும். நம் வேனில் அந்த விளக்கின்மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருக்கின்றது.

இக்கருவி எல்லாத் தீமையையும் நீக்கிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அது காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக மாற்றுகின்றதே அன்றி, காபனை இல்லாமற் செய்வதில்லை. புவி வெப்பமுறுதலுக்கு அதனிடம் மருந்தில்லை. ஆயினும் வீதியில் நிற்கும் மனிதனின் குருதிக்கும் நுரையீரலுக்கும் அது காவல். குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகக் காபனோரொட்சைட்டைப் பற்றிக்கொள்ளும். நைதரசனீரொட்சைட்டு மூச்சுக்குழாயை அழற்றி, ஆஸ்துமா உள்ள குழந்தையின் இரவுகளை நெடிய இரவுகளாக்கும். எரியாத ஐதரோக்காபனும் நைதரசன் ஒட்சைட்டும் வெயிலில் கூடி நகரங்களின்மேல் நச்சுப் பனியாகப் படிகின்றன என்பதை, 1950-களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் காற்றை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியலறிஞர் காட்டினார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு நம்முடையது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மாற்றி தானாக அடைத்துக்கொள்வது அரிது. இயந்திரம் எண்ணெயை எரித்தாலோ, தீப்பொறி தவறி எரியாத பெற்றோல் வழிந்தாலோ, அந்தத் தேனடை கரியேறும், அல்லது உருகிப்போகும். ஆகவே அடைத்துப்போன மாற்றி நோயன்று, நோயின் அறிகுறி. அறிகுறியை அறுத்தெறிந்தால் நோய் போய்விடுமா? நம் வேனின் இயந்திரம் இன்னும் நோயுடன்தான் இருக்கின்றது. இழுவை வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அதனை மறந்திருக்கின்றோம். எச்சரிக்கும் விளக்கின்மேல் நாடா ஒட்டும் வழக்கம் வேன்களோடு நின்றுவிட்டதா என்பதை வாசகர்கள் தம் நாட்டு நடப்பைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

*

‘என் ஒரு வாகனத்தால் என்ன ஆகிவிடும்?’ என்னும் கேள்விக்கு வருவோம்.

எலுவன்குளத்தில் வாழ்வோருக்கு இதன் விடையை நூல்களிலே தேட வேண்டியதில்லை. மேலே எங்கோ மழை கொட்டும். இராஜாங்கணை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்படும். கலா ஓயா பெருகும். எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கும். அக்கரை அக்கரையாகவும் இக்கரை இக்கரையாகவும் நிற்கும். அப்பொழுது பாலத்தை மூழ்கடித்த துளி எது என்று எவராவது கேட்டதுண்டா? ஒவ்வொரு துளியையும் தனித்தனியே விசாரித்தால் ஒவ்வொன்றும் தான் நிரபராதி என்றே சொல்லும். அதன் வாதத்தில் பிழை காண இயலாது. ஆயினும் பாலம் மூழ்கிக் கிடக்கின்றது.

துளிக்கு அறிவில்லை, அதனைக் குறை சொல்வதில் பொருளில்லை. மனிதனுக்கோ அறிவு உண்டு. தன்னைப் போன்ற எண்ணற்றோர் இதையே செய்கின்றனர் என்பது அவனுக்குத் தெரியும்; ‘எல்லோரும்தானே செய்கிறார்கள்’ என்று அவனே சாட்சியும் சொல்கின்றான். ‘நான் ஒருவன்தான்’ என்பதும் ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பதும் ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு சாக்குகள். முதலாவது உண்மையானால் இரண்டாவது பொய். இரண்டாவது உண்மையானால் முதலாவது விடையாகாது.

டெரெக் பார்ஃபிட் என்னும் ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் ஒரு கற்பனையைக் காட்டினார். முற்காலத்தில் ஆயிரம் கொடியவர்கள், ஆளுக்கு ஒருவராக, ஆயிரம் பேரை வதைத்தனர். பின்னர் ஓர் இயந்திரம் வந்தது. ஒவ்வொரு கொடியவனும் ஒரு பொத்தானை அழுத்துவான். அது ஆயிரம் பேரின் வேதனையையும் உணர முடியாத சிற்றளவு கூட்டும். ஆயிரம் பேரும் அழுத்தியபின் ஆயிரம் பேரும் முன்போலவே துடிப்பர். ஆனால் எந்தக் கொடியவனும் எவரையும் உணரத்தக்க அளவு துன்புறுத்தவில்லை! தீங்கு குறையவில்லை, அது பங்கிடப்பட்டிருக்கின்றது, அவ்வளவே. பங்கிட்டதனால் மறைந்தது தீங்கன்று, செய்தவர்களின் முகமே.

முகமற்ற தீங்கு ஒருநாள் ஒரு முகத்தை நமக்குக் காட்டியது. லண்டன் மாநகரின் தென்கிழக்கே, வாகனங்கள் ஓயாத பெருவீதியொன்றின் அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி கடும் ஆஸ்துமாவினால் 2013-ஆம் ஆண்டு பெப்ரவரியில் இறந்தாள். ஆசிரியையான அவளுடைய தாய் ஓயாமல் போராடினார். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவளுடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். அந்நாட்டில் ஒருவருடைய மரணக் காரணமாகக் காற்று மாசு எழுதப்பட்டது அதுவே முதன்முறை. அந்த வீதியில் ஓடிய எந்த வாகனம் அவளைக் கொன்றது? எதுவுமில்லை. எல்லாமே. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வெளிக்காற்றின் மாசினால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 42 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்னரே இறந்தனர். அவர்களுள் ஒருவருக்குமேனும் கொலைகாரன் என்று ஒருவன் இல்லை.

*

அடுத்தது வறுமையின் வாதம். இதற்கு மறுமொழி சொல்வது முன்னதைப்போல் எளிதன்று. நாமும் எளிதாக்க விரும்பவில்லை.

2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களைக் கொண்டுவருவதற்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. ஐந்து ஆண்டுகள் பழைய வாகனங்கள் மேலும் பழையனவாயின. 2022-இல் ரூபா சரிந்தது. எரிபொருளுக்காக மனிதர்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. அந்த ஆண்டுகளில் ஒரு வேனை ஓடும் நிலையில் வைத்திருந்து, குழந்தைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசேர்த்த மனிதரை நாம் வணங்க வேண்டுமே அன்றி வைதல் தகாது. அவர் அறுத்தெறிந்தது ஆசையினால் அன்று.

நகரங்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. நல்ல நிலையிலுள்ள மாற்றியை அறுத்தெறிந்து, இயந்திரத்தின் கணினிக்குப் பொய் சொல்லிக் கொடுத்து, குழாயில் இடியோசை கேட்க வேண்டும், இன்னும் சிறிது வேகம் கிடைக்க வேண்டும் என்று பெருந்தொகை செலவிடும் செல்வர்வீட்டு இளைஞர்கள் அவர்கள். டீசல் வாகனங்களில் வாயுவைத் திருப்பிவிடும் அடைப்பானை மூடுவோரும், கரியை வடிக்கும் வடிகட்டியைக் கழற்றுவோரும் உளர். ஒருவன் தேவையினால் செய்ததையும் மற்றவன் விளையாட்டுக்காகச் செய்ததையும் ஒரே தராசில் இடுவது நீதியாகாது. புகை இரண்டிலும் ஒன்றே, பழி ஒன்றன்று. இந்த வேறுபாட்டைக் காணாத அறநெறி பொலிஸ்காரனின் தண்டப் பத்திரத்துக்கு மேற்பட்டதன்று.

ஆயினும் வறுமை ஒரு செயலுக்குக் காரணமாகலாம். அதன் விளைவை அது மாற்றிவிடுவதில்லை. நம் வேனின் புகை யாரிடம் செல்கின்றது? குளிரூட்டிய வாகனத்தின் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு போகும் கனவானிடம் அன்று. அது வீதியோரத்தில் மீன் விற்கும் பெண்ணிடம் செல்கின்றது. சைக்கிளில் விறகு கட்டிச் செல்பவரிடம் செல்கின்றது. சந்தியில் எட்டு மணி நேரம் நிற்கும் போக்குவரத்துக் காவலரிடம், வேனுக்காக வரிசையில் நிற்கும் நம் மாணவரிடம் செல்கின்றது. கன்வேட்டரின் விலையை எவரும் செலுத்தவில்லை என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அவ்விலை செலுத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. தவணை முறையில், மூச்சினால், அவரைவிட ஏழையானவர்களால். ஏழை தன் சுமையைத் தன்னினும் ஏழையின் தலைமேல் இறக்கி வைப்பதற்கு வழி அமைத்துக் கொடுத்துவிட்டு, மேலே இருப்பவன் கணக்கிலிருந்து தப்பித்துக்கொள்வதே இச்சமுதாய அமைப்பின் திறமை.

*

இனி நுரைச்சோலை. களப்பின் அக்கரையிலே, கற்பிட்டித் தீபகற்பத்தில் நிற்கும் அனல் மின்னிலையம் 900 மெகாவாற்று ஆற்றலுடையது. முதல் அலகு 2011-இலும், மற்ற இரண்டும் 2014-இலும் இயங்கத் தொடங்கின. அதன் நிலக்கரித் தூசு பற்றியும் சாம்பல் பற்றியும் அயலில் வாழும் விவசாயிகளும் மீனவரும் பன்முறை குரல் எழுப்பியுள்ளனர். அந்தப் புகைபோக்கியின் முன் ஒரு வேனின் புகைக்குழாய் எம்மாத்திரம்? கடலுக்கு முன் கிண்ணம்.

பெருமுதலாளிகளின் கதை இதனினும் கொடியது. 2015 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் என்னும் செர்மன் நிறுவனத்தின் குட்டை உடைத்தது. அந்நிறுவனம் தன் டீசல் கார்களின் கணினியிலேயே ஒரு சூதை எழுதி வைத்திருந்தது. பரிசோதனை நடக்கின்றது என்று கண்டுகொண்டால் கார் நல்ல பிள்ளைபோல் தூய மூச்சு விடும்; வீதிக்கு வந்ததும், அனுமதிக்கப்பட்ட அளவின் 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டுகளைக் கக்கும். உலகெங்கும் ஏறத்தாழ 110 இலட்சம் வாகனங்களில் இச்சூது இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பரிசோதனை நாளுக்கு மட்டும் கன்வேட்டரை இரவல் வாங்கிப் பூட்டிக்கொண்டு, சான்றிதழ் கிடைத்ததும் கழற்றிவிடுவோரைப் பற்றி நம்மவர்கள் கதைப்பதுண்டு. அந்தத் தந்திரத்தையே பல்லாயிரம் பொறியியலாளர்களை வைத்துக்கொண்டு ஒரு மாபெரும் நிறுவனம் செய்தது. கராஜில் கரிபடிந்த கையோடு செய்தால் மோசடி. கண்ணாடிக் கட்டடத்தில் செய்தால் மென்பொருள்!

பெரியவர்கள் செய்கின்றார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையிலிருந்து நாம் எதைப் பெறப் போகின்றோம்? அவர்களை எதிர்க்கும் உறுதியையா, அவர்களைப் பின்பற்றும் உரிமையையா? நம் வேன் உரிமையாளர் நுரைச்சோலையைச் சுட்டிக்காட்டியது எதிர்ப்புக்காக அன்று, சமாதானத்துக்காக. பெரியவனின் குற்றம் சிறியவனின் சாக்காகிவிட்டால், அதனால் நிம்மதியடைபவன் பெரியவனே. தன்னைச் சுட்டும் கையில் தன் புகைக்கரியே படிந்திருப்பதைவிட அவனுக்கு வேறென்ன பாதுகாப்பு வேண்டும்?

இங்கே நம் மக்களின் அண்மைக்கால வரலாறு ஒன்றை நினைவூட்டுவது கடமை. 2017 ஏப்ரல் 14-ஆம் நாள் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஏழை மக்களைப் புதைத்தது. அதன் பின்னர், தலைநகரின் குப்பையை நம் வண்ணாத்திவில்லுப் பகுதியிலுள்ள அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் விரைவு பெற்றது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்தெடுத்த நிலம் அது. வில்பத்துக் காட்டுக்கும் களப்புக்கும் அண்மையில் இருப்பது. 2018-இலும் 2019-இலும் புத்தளத்து மக்கள், தமிழர் முஸ்லிம் சிங்களவர் என்ற பேதமின்றி வீதிக்கு வந்தனர். அன்று நாம் சொன்னது என்ன? ‘கொழும்பில் உண்டு உடுத்தவர்களின் கழிவை, எங்களைக் கேளாமல், எங்கள் வாசலில் கொட்டாதே’ என்றோம். எவ்வளவு நேரிய சொல் அது! ஓர் இன்பத்தை நுகர்ந்தவன் அதன் கழிவைச் சம்மதியாதவன் தலையில் கொட்டக்கூடாது என்பதே அதன் சாரம்.

புகைக்குழாயும் ஒரு கழிவுக் குழாயே. பயணத்தின் பயன் நமக்கு. கழிவு வீதியில் நிற்பவனுக்கு. அவனை நாம் கேட்டோமா? கொழும்பை நோக்கி நாம் சொன்ன சொல் உண்மையானால், அது நம் வேனை நோக்கியும் உண்மை. நம்மை நோக்கி அது பொய்யானால், கொழும்பை நோக்கிச் சொன்னதும் வெறுங் கூச்சலாகிவிடும். போராட்டத்தின் தர்மத்தை மறவாமலிருப்பதற்காகவேனும் நாம் நம் குழாயின் மறுமுனையைப் பார்க்க வேண்டும்.

*

‘சான்றிதழ் இருக்கின்றதே!’ என்பார் உளர். 2008 முதல் இந்நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை நடைபெறுகின்றது. அச்சான்றிதழ் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. நல்ல ஏற்பாடே. ஆனால் பெற்றோல் வாகனங்களில் அங்கே அளக்கப்படுபவை காபனோரொட்சைட்டும் ஐதரோக்காபனும். டீசல் வாகனங்களில் கரும்புகையின் அடர்த்தி. ஆஸ்துமாக் குழந்தையை வாட்டும் நைதரசன் ஒட்சைட்டுகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகையால் சட்டத்தின் அளவுகோலில் தேறிவிட்டோம் என்பது அறத்தின் அளவுகோலிலும் தேறிவிட்டோம் என்பதாகாது. அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்புரை, இயற்கையைப் பாதுகாப்பதும் அதன் வளங்களைப் பேணுவதும் இலங்கையிலுள்ள ஒவ்வொருவரின் கடமை என்கின்றது. அக்கடமையை அளக்கும் கருவி எந்தப் பரிசோதனை நிலையத்திலும் இல்லை.

அறுத்தெறிந்த அந்த இரும்புப் பெட்டிக்குள் இன்னொன்றும் இருந்தது: மனித உழைப்பு. உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் ஆழ்சுரங்கங்களிலிருந்து வருகின்றது. 2012 ஆகஸ்ட் 16-ஆம் நாள் மரிக்கானா என்னுமிடத்தில், லொன்மின் நிறுவனத்தின் பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர் மாதம் 12,500 ராண்ட் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது பொலிஸார் சுட்டனர். 34 தொழிலாளர் ஒரே நாளில் மாண்டனர். தூர நாடுகளின் குழந்தைகள் தூய காற்றைச் சுவாசிப்பதற்குரிய உலோகத்தைத் தோண்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த உலோகத்தை நாம் பழைய இரும்புக்காரனிடம் விற்று, நம் குழந்தைகளுக்கு நச்சுக் காற்றைத் திருப்பிக் கொடுக்கின்றோம். உழைப்பின் அருமை பேசும் நம்மவர்க்கு இது உறுத்த வேண்டாமா?

*

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? தனிமனிதனுக்கு உபதேசம் செய்துவிட்டு ஓய்வதில் நமக்கு நம்பிக்கை இல்லை. வரலாறும் அதனை ஏற்பதில்லை.

பெற்றோலில் ஈயம் கலக்கும் முறை 1921-இல் அமெரிக்காவிலே கண்டுபிடிக்கப்பட்டது. 1924-இல் நியூஜெர்சி மாநிலத்து ஆலையொன்றில் அந்த ஈயக் கலவையைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அப்பொழுதே உலகம் விழித்திருக்க வேண்டும். இலாபம் விழிக்க விடவில்லை. 1970-ஆம் ஆண்டில் மக்களின் கிளர்ச்சியால் தூய காற்றுச் சட்டம் அங்கே வலுப்பெற்றது. ‘இயலாத காரியம்’ என்று முழங்கிய கார் முதலாளிகளே 1975-ஆம் ஆண்டுக்கான கார்களில் ஊக்கி மாற்றியைப் பூட்டினர். ஈயம் ஊக்கியைக் கெடுக்கும் ஆகையால் ஈயமற்ற பெற்றோலும் வந்தது. இந்தியாவின் நான்கு மாநகரங்களில் 1995-இல் இவ்விரண்டும் சேர்ந்தே புகுந்தன. இலங்கையில் 2002-இல் ஈயப் பெற்றோல் ஒழிந்தது. 2021-இல் அல்ஜீரியா கைவிட்டதோடு, உலகெங்கும் கார்களுக்கு விற்கப்பட்ட ஈயப் பெற்றோலின் கதை முடிந்தது. நூறு ஆண்டுகள்! ஓட்டுநர்களின் மனமாற்றத்துக்காகக் காத்திருந்தால் இன்னும் நூறு ஆண்டுகள் சென்றிருக்கும். சட்டமும் மக்கள் இயக்கமும் சேர்ந்து செய்த காரியம் அது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை பல. மாற்றிகளுக்கும் உணரிகளுக்கும் உள்ள இறக்குமதிச் சுமையை நீக்குக. பாடசாலை வாகனங்களுக்கும் வாடகை வாகனங்களுக்கும் அவற்றைப் பூட்ட எளிய கடன் தருக. அறுத்த மாற்றிகளை யார் யாரிடமிருந்து வாங்குகின்றனர் என்பதற்குக் கணக்கு வைக்கச் செய்க. பரிசோதனையில் வாகனத்தின் அடியையும் பார்க்க. நைதரசன் ஒட்சைட்டுகளையும் அளக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, எலுவன்குளம் போன்ற ஊர்களுக்கு நேரந்தவறாத பொதுப் பேருந்து வேண்டும். அது இருந்தால் நோயுற்ற வேனை ஓட்டியே தீர வேண்டிய நிலை எவருக்கும் வராது.

ஆனால் இவையெல்லாம் வரும்வரை? இங்கேதான் நம் நகைப்பு நம்மைக் குத்துகின்றது. வேனின் பயன் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. நாமும் அதில் ஏறிச் செல்கின்றோம். கட்டணம் கூடவில்லை என்று மகிழ்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க, மாற்றியின் விலையை அவர் ஒருவர் தலையில் வைத்துவிட்டு அவரிடம் அறம் பேசியது என்ன அறம்? குற்றத்தில் பங்குள்ளவனுக்கு அதன் ஈட்டிலும் பங்கு உண்டு.

சென்ற வாரம் இதனை வேனிலேயே பேசினோம். இயந்திரத்தை முதலில் சீர் செய்வது, பின்னர் மாற்றியைப் பூட்டுவது, செலவை உரிமையாளரும் ஆசிரியர்களும் வசதியுள்ள பெற்றோரும் மாதத் தவணையாகப் பகிர்ந்துகொள்வது என்று ஒரு யோசனை எழுந்தது. சிலர் உடன்பட்டனர். சிலர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தனர். உரிமையாளர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், “எல்லாரும் சேந்தா யோசிக்கலாம் சேர்” என்றார்.

‘என் ஒருவனால் என்ன ஆகும்’ என்று தொடங்கிய மனிதர் ‘எல்லோரும் சேர்ந்தால்’ என்று முடித்தார். கேள்வி தவறான இடத்திலிருந்து புறப்பட்டது என்பதை நமக்கு முன்னரே அவர் கண்டுகொண்டார் போலும். ஒருவனால் வந்த தீங்கன்று இது. ஒருவனால் தீர்வதும் அன்று. பணம் இன்னும் சேரவில்லை. ஒட்டுநாடா இன்னும் அங்கேயே இருக்கின்றது. நாளைக் காலையிலும் வேன் வரும். அதன் பின்னே குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். ஏறுமுன் நாமும் ஒருமுறை பின்பக்கம் போய், அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்ப்போம்.